கண்டிச் சேலையின் சுருக்கு: வெட்டாமல் தைக்கும் கைவேலை

கண்டியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சிங்களப் பெண்கள் உடுத்தும் சேலைக்கு 'ஒசரி' என்று பெயர். நாம் சேலை உடுத்தும்போது கொய்யகத்தை இடுப்பில் செருகிக் கால்வரை இறங்கவிடுகிறோம். ஒசரியில் இடுப்பைச் சுற்றி, வெளியே தெரியும்படி ஒரு குட்டைச் சுருக்கு வரிசை விழும். இதனை 'நெரிய' என்பர். தென்னிந்திய வழிவந்த நாயக்க மன்னர்கள் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டனர். ஒசரியில் அந்தத் தொடர்பின் சாயல் உண்டு என்பது பரவலான கருத்து.

மணப்பெண்ணுக்கும் மேடையேறுபவருக்கும் சுருக்கு குலையாமல் இருக்க வேண்டும். அதனால் அதை முன்கூட்டியே தைத்து வைப்பதுண்டு. இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஊசியும் நூலும் போதும்.

முதலில் அளவு. ஒரே திசையில் இடைவெளியின்றி விழும் மடிப்புக்கு மூன்று மடங்கு துணி செல்லும். 2.5 சென்ரிமீற்றர் அகலமான ஒரு மடிப்புக்கு 7.5 சென்ரிமீற்றர் வேண்டும். 30 சென்ரிமீற்றர் நீளத்தை நிரப்ப 12 மடிப்புகள், அதாவது 90 சென்ரிமீற்றர் துணி.

துணியின் மறுபக்கத்தில் சோக்கினால் அளவுகளைக் குறித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக மடித்து, மேலும் கீழும் நீண்ட ஓட்டுத்தையலால் பிடிக்க வேண்டும். மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் அழுத்தியபின், மேல்விளிம்பை மட்டும் நெருக்கமாகக் கையால் தைக்கலாம். பிறகு ஓட்டுத்தையலை உருவி எடுத்துவிடலாம். பட்டுக்கு மெல்லிய ஊசியே ஏற்றது. தடித்த ஊசியின் துளை மறையாது.

பரதநாட்டிய உடையின் விசிறி மடிப்புக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அந்த உடைக்குப் பெரும்பாலும் சேலையை வெட்டுகிறார்கள். கையால் பிடித்த மடிப்பைப் பிரித்தால் சேலை மீண்டும் முழுச்சேலை ஆகிவிடும்.

பல இடப்பெயர்வுகளுக்குப் பின்னும் தாயின் கூறைச்சேலை ஒன்று மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கு இது சிறிய விடயமல்ல. மகளின் திருமணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ அதைக் கத்தரிக்கோல் படாமலே தைத்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கும் பெண்கள் இதைத் தனி வேலையாகவே எடுக்கலாம். ஆனால் செலவாகும் மணித்தியாலங்களைக் கணக்கிட்டே கூலி சொல்ல வேண்டும்.

விழா முடிந்ததும் தையலைப் பிரித்துவிடுங்கள். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் ஒடியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைப்பது நல்லது.