கேக் பெட்ரோலான கதை

பவுண்டு கேக்குக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் தலா ஒரு பவுண்டு என்பது பழைய கணக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் துக்க வீட்டுக்கும் இதைச் சுட்டு எடுத்துப் போவார்கள். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமெரி நகரத்தில் 1956-ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் சுட்ட பவுண்டு கேக்குகள் போய்ச் சேர்ந்த இடம் வேறு. அவை கார்களின் பெட்ரோல் டாங்கிக்குப் போயின.

அந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர் ஜார்ஜியா கில்மோர். ஆறு குழந்தைகளின் தாய். உணவகம் ஒன்றில் சமையல் வேலை. அந்த நகரத்து பஸ்ஸில் கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டணத்தைப் போட்டுவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசலுக்கு நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும் என்று ஓட்டுநர்கள் விரட்டுவார்கள். 1955 அக்டோபரில் கில்மோர் அப்படி இறங்கிப் பின்வாசலை அடைவதற்குள், காசை வாங்கிக்கொண்ட பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. இனி இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அவர் அன்றே முடிவெடுத்தார். டிசம்பர் 1-ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். 5-ஆம் தேதி ஊரின் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள்.

அன்று மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தக் கூட்டத்துக்குக் கில்மோரும் தோழிகளும் வெறுங்கையோடு வரவில்லை. தங்களுக்குள் 14 டாலர் திரட்டி, கோழியும் ரொட்டியும் கீரையும் வாங்கி, பொரித்த கோழி சாண்ட்விச் செய்து கொண்டுவந்து விற்றார்கள். விற்ற காசு போராட்டத்துக்கு. அவர்கள் சமைத்த உணவு போராட்ட நிதியான முதல் நாள் அது.

அதன்பின் பவுண்டு கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை, பொரித்த மீன், பன்றிக்கறி, கீரையும் சோறும் என்று வகை பெருகியது. சமைத்த பெண்களில் பலர் பகலில் வெள்ளையர் வீட்டுச் சமையல்காரிகள், பணிப்பெண்கள். முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது. ஆகவே யார் சுட்டார்கள், யார் வாங்கினார்கள் என்ற விவரம் கில்மோர் ஒருவருக்குத்தான் தெரியும். குழுவுக்கு வைத்த பெயரும் அந்தப் பாதுகாப்புக்காகவே: ‘எங்கிருந்தும் வராத கிளப்’. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது மிரட்டிக் கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலே பதில் சொல்லலாம்.

கேக் அடுப்பிலிருந்து இறங்கியதும் தெருவுக்கு வந்தது. அழகு நிலையங்கள், டாக்ஸி நிற்கும் இடங்கள், சர்ச் வாசல், வீட்டு வாசல் எல்லாம் கடையாயின. வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டத்தை வெளிப்படையாக எதிர்க்கத் துணியாத சிலருக்கு, ஒரு துண்டு கேக் வாங்குவது செய்யக்கூடிய காரியமாக இருந்தது.

துண்டு துண்டாக விற்ற கேக், நாணயமாகக் கில்மோர் கைக்கு வந்தது. திங்கள் இரவுக் கூட்டத்தில் அவர் எழுந்து முன்னே நடந்து, அந்த வாரத்து வசூலை அறிவித்து ஒப்படைப்பார். சர்ச் முழுக்கக் கரவொலி எழும். 125 டாலர், சில வாரம் 200 டாலர் கூட. நகரத்தின் இன்னொரு பகுதியில் இனெஸ் ரிக்ஸ் என்பவர் ‘ஃப்ரெண்ட்லி கிளப்’ என்று போட்டிக்கு ஒன்றைத் தொடங்கினார். இந்த வாரம் யார் அதிகம் என்ற போட்டியில் இரண்டு பக்கமும் அடுப்பு அணையாமல் எரிந்தது.

அந்தப் பணம், புறக்கணிப்பை நடத்திய மாண்ட்கமெரி முன்னேற்றச் சங்கத்தின் கணக்கில் சேர்ந்தது. தொழிற்சங்கங்களிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் பெரிய நன்கொடைகள் வந்தன என்பது உண்மை. ஆனால் எதிரே இருந்த செலவும் பெரிது. பஸ்ஸை விட்ட மக்களை வேலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 300 கார்கள் ஓடின. சர்ச்சுகளின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களும் ஓடின. பெட்ரோல், எண்ணெய், டயர் என்று நாள்தோறும் காசு வேண்டும். வண்டிகளின் காப்பீட்டை உள்ளூர் நிறுவனங்கள் ரத்து செய்தபோது லண்டனின் லாயிட்ஸ் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். இந்தச் செலவுக்கு வாரம் தவறாமல் ஊருக்குள்ளிருந்தே வந்த காசில், அந்தப் பெண்கள் சுட்ட கேக்கும் இருந்தது. துணி துவைத்தும் பாத்திரம் கழுவியும் களைத்த பெண் மாலையில் ஏறிய காரில், அவளே இரவு கண்விழித்துச் சுட்ட கேக்கும் எரிபொருளாக எரிந்திருக்கும்.

1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது வழக்கு நடந்தபோது கில்மோர் சாட்சிக் கூண்டேறி, பஸ்ஸில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். அதனால் அவர் வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கும்படி கிங் ஊக்கம் கொடுத்து, தொடங்கப் பணமும் உதவினார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போராட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நவம்பர் 13-ஆம் தேதி உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. அன்றைக்கே, பஸ்ஸில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த உத்தரவு ஊர் வந்து சேரும்வரை மக்கள் நடந்தே போனார்கள். டிசம்பர் 21 காலை மீண்டும் பஸ் ஏறினார்கள். விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

கில்மோர் அதோடு ஓயவில்லை. நகரப் பூங்காக்களின் இனப் பிரிவினைக்கு எதிராக அவர் பெயரிலேயே வழக்கு நடந்தது; 1959-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1990 மார்ச்சில், வாக்குரிமைக்காக நடந்த செல்மா நடைப்பயணத்தின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருபவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோது அவர் காலமானார். அவர் சமைத்து வைத்த உணவைத்தான் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

கில்மோரின் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு மாவு பிசைந்த பெண்களில் பெரும்பாலானோரின் பெயர், அவர்களைக் காப்பாற்றிய அந்த ரகசியத்தோடே போய்விட்டது. மேடையில் பேசியவர்களை நினைவுகூரும் நாம், ஒரு வருடத்துக்கு மேல் அந்த மேடையைத் தாங்கிய இவர்களையும் போராட்டத் தலைவர்களாகவே எண்ண வேண்டும். வேலையைப் பணயம் வைத்துக் கொடுத்த பத்து சென்ட்டுக்கு, எந்தப் பெரிய நன்கொடைக்கும் குறையாத மதிப்பு உண்டு.