அரைமண்டி
அரைமண்டி என்பது பரதநாட்டியம் கற்கத் தொடங்குவோர் முதலில் பயிலும் அடிப்படை நிலைகளுள் ஒன்றாகும். குதிகால்களை அருகருகே வைத்து, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை நேராக நிறுத்தி, முழங்கால்களைப் பாதி மடித்து நிற்பர். தொடைகள் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறம் திரும்ப வேண்டும். பாதங்களை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்குண்டு வலி ஏற்படக்கூடும்.

கடலூர் மாவட்டத்திலுள்ள சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ள 108 கரணச் சிற்பங்கள் பலவற்றில் முழங்கால்கள் இவ்வாறு மடிந்திருப்பதைக் காணலாம்.

பாலே நடனத்தின் தொடக்கப் பயிற்சியான பிளியே இதனை ஒத்தது. எனினும் அதில் மடிந்த கால் மீண்டும் நிமிரும். பரதநாட்டியத்தின் தட்டடவிலோ அரைமண்டி இறுதிவரை குலைவதில்லை. இவ்விரு நடனங்களையும் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் சென்னையில் கலாசேத்திராவை நிறுவினார்.