வீடிலார்க்கு நன்னீர்

அறம் பலவற்றுள்ளும் தண்ணீரளித்தல் சிறு முதலிற் பெரும்பயன் விளைப்பதென்பது நம் முன்னோர் துணிபு. திங்களூர் அப்பூதியடிகள், தாம் அதுகாறும் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரது திருப்பெயராலே தண்ணீர்ப்பந்தல் அமைத்து, வழிச்செல்வோர் விடாய் தீர்த்த செய்தியைப் பெரியபுராணம் பயின்றோர் நன்கறிவர். வழியிடை நிற்பானுக்கு வீட்டு நீர் எட்டாது. அவ்வெட்டாமையைப் போக்குவதே அவ்வறத்தின் கருத்தாகும்.

இக்கால நகரங்களில் அவ்வெட்டாமை பெரிதும் மிகுந்துள்ளது. என்னை? நீரானது குழாய்வழியே வீட்டைத் தேடிச் செல்கின்றது. வீடுடையான் வரி செலுத்தி அதனைப் பெறுகின்றான். நடைபாதையிலும் பாலத்தடியிலும் உறங்குவானுக்குக் கதவிலக்கம் இல்லை. ஆதலின் குழாயும் இல்லை. இவ்விடரையும் இதற்குத் தேடிய பரிகாரத்தையும் இலண்டன் மாநகர வரலாறு தெளிவாகக் காட்டுதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரத்து நீர் தனியார் கம்பெனிகள் கையில் இருந்தது. அவை கட்டணம் செலுத்தும் வீடுகளுக்கு நீர் வழங்கின. ஏழை மக்கள் பலர் தெருவிலுள்ள கைப்பம்புகளையே நம்பியிருந்தனர். 1854-ஆம் ஆண்டு சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவிப் பத்து நாளில் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோரை மாய்த்தது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் உறைவிடங்களை ஆராய்ந்து, பிராட் தெருப் பம்பின் நீரே காரணமெனத் துணிந்தார். அவர் எடுத்துரைத்தவாறே செப்டம்பர் 8-ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கண்ணுக்குத் தெளிவாய்ச் சுவைக்கு இனிதாய் இருந்த நீரே நஞ்சாயிற்று. அக்கிணற்றருகே இருந்த மலக்குழியின் கசிவு அதனுட் கலந்திருந்தமை பின்னர்ப் புலனாயிற்று.

அதே 1854-இல், லிவர்ப்பூல் துறைமுகத்தில் சார்லஸ் மெல்லி என்னும் வணிகர், உழைப்போர் விடாய் தீர்க்க மதுக்கடையையன்றி வேறு புகலின்றி இருத்தலைக் கண்டு, பொதுக் குடிநீர்க் குழாய் அமைத்தார். அதன் பயனை அறிந்த சாமுவேல் கர்னி என்பார் 1859-இல் இலண்டனில் இதன்பொருட்டு ஒரு சங்கம் நிறுவினார். அவ்வாண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் செயின்ட் செபல்கர் ஆலயத்து வேலியில் முதற் குழாய் திறக்கப்பெற்றது. நாளொன்றுக்கு ஏழாயிரவர் வரை அதில் நீர் பருகினர் என்ப. வடிகட்டி முதலியவற்றால் தூய்மை உறுதி செய்யப்படாத குழாய் எதனையும் அமைப்பதில்லை என்பது அச்சங்கத்தார் விதி. கொடை நீர்தானே என்று அவர் தரத்திற் குறைத்திலர். இஃதே அவ்வறத்தின் உயிர்நிலை என்க.

நிற்க. 1870-71-ஆம் ஆண்டுகளின் முற்றுகையால் நலிந்த பாரீசு நகரில், ஆண்டு வாழ்ந்த ஆங்கிலேயராகிய ரிச்சர்ட் வாலஸ், 1872-இல் வார்ப்பிரும்புக் குடிநீர் ஊற்றுக்கள் பலவற்றைத் தம் பொருளால் நிறுவினார். நான்கு மாதர் உருவங்கள் கவிகையைத் தாங்க, இடையே நீர் ஒழுகும். சங்கிலியிற் பிணித்த குவளைகள், பலர் வாய்ப்படுதல் நோய்க்கு இடமாமென்று 1952-இல் நீக்கப்பெற்றன. வீடற்றோர் பலர்க்கு இன்றும் அவ்வூற்றுக்கள் உதவுகின்றன. ஆயினும் குளிர்காலத்தில் நீர் உறைந்து குழாய் வெடிக்குமென்று அஞ்சி அவற்றை அடைத்துவிடுவர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, வீடிலாதார் 17 இலட்சத்து 73 ஆயிரவர் எனக் கூறிற்று. பொதுக் கிணறு, குளங்களிற் சாதி பற்றி எவரையும் விலக்கலாகாதென 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு விதித்தது. தூய குடிநீர் மனித உரிமை என ஐக்கிய நாடுகள் சபை 2010 ஜூலை 28-இல் தீர்மானித்தது. விதியும் தீர்மானமும் உள; தெருவில் உறங்குவான் கைக்கு நீர் சென்று சேர்தலே வேண்டுவது.

சங்கத்து அன்பர்களே! சித்திரை வெயிலில் நாம் பந்தல் அமைப்பது நன்றே. ஆனால் ஆனியில் அது பிரிக்கப்படுகின்றது. அந்திப்பொழுதில் பானை கவிழ்க்கப்படுகின்றது. வீடிலானுக்கோ ஆண்டு முழுதும் விடாய் உண்டு. கடைகள் அடைத்த நள்ளிரவிலும் உண்டு. பாரீசு நகரார்க்கு உறைபனி ஒரு காரணம். நமக்கு அதுவும் இல்லை. ஆதலின் பேருந்து நிலையம், புகைவண்டி நிலையம், கோயில் மதிற்புறம் முதலாக அவர் தங்குமிடங்களின் அருகே, வடிகட்டிய நீர் இரவும் பகலும் ஒழுகும் குழாய் ஒன்றேனும் ஒவ்வோர் ஊர்க் கிளையும் நிறுவுதல் வேண்டும். தொட்டியை முறைப்படி கழுவுதற்கு ஆளும் பொருளும் முன்னரே வகுத்தல் வேண்டும். வருவான் யார், எக்குலத்தான் என்னும் வினா அங்கே எழுதலாகாது. பந்தலினும் பெரிய பெயர்ப்பலகையும் வேண்டா. அப்பூதியடிகள் தம் பெயரைப் பொறித்திலர். இதனை அடுத்த செயற்குழுவில் எடுத்து முடிவு செய்யுமாறு வேண்டுகின்றோம்.