உணவும் குடல் இயக்குநீர்களும்: இன்கிரெட்டின் ஆய்வின் வரலாறு

உண்ட உணவு முழுதும் செரித்து முடியும் முன்பே, அதன் வருகையைக் கணையத்துக்கும் மூளைக்கும் அறிவிக்கும் வேதிப்பொருள்களைக் குடல் சுரக்கிறது. இவை குடல் இயக்குநீர்கள் அல்லது குடல் ஹார்மோன்கள் எனப்படுகின்றன. இவற்றுள், உணவுக்குப் பின் இன்சுலின் சுரப்பைக் கூட்டுபவை இன்கிரெட்டின்கள். இன்று நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் பரவலாகத் தரப்படும் சில மருந்துகளுக்கு இவையே அடிப்படை. ஆயினும் இன்கிரெட்டின் என்று ஒன்று உண்டா என்ற ஐயத்தால் இந்த ஆய்வு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் முடங்கிக் கிடந்தது.

முதல் இயக்குநீர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செரிமானச் சுரப்புகளை நரம்புகளே கட்டுப்படுத்துகின்றன என்பது வலுவான கருத்தாக இருந்தது. உருசிய அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுகள் அதற்கு ஆதாரமாக விளங்கின. 1902 ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகியோர் இக்கருத்தைச் சோதித்தனர். ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியின் நரம்பிணைப்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் கணையநீர் சுரந்தது. பின்னர் குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, அமிலத்துடன் அரைத்து வடித்த சாற்றைச் சிரையில் செலுத்தியபோதும் கணையநீர் சுரந்தது. குருதி வழியே சென்ற அந்தத் தூதுப்பொருளுக்கு அவர்கள் செக்ரெட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்களைக் குறிக்க ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905 இல் பயன்படுத்தினார்.

கணையத்தின் செரிமான நீரைத் தூண்டும் குடல், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அதன் உட்சுரப்பையும் தூண்டக்கூடுமா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 1906 இல் லிவர்பூலில் பெஞ்சமின் மூரும் அவருடைய குழுவினரும் முன்சிறுகுடல் சவ்வின் சாற்றை நீரிழிவு நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தனர். உறுதியான பலன் கிட்டவில்லை. இத்தகைய புரதத் துணுக்குகள் இரைப்பையிலும் குடலிலும் செரிந்துவிடும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

கைவிடப்பட்ட கருத்து

1921-22 இல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதும் தேடல் மீண்டும் சூடுபிடித்தது. பெல்ஜிய அறிஞர் ஜான் லா பார், குருதிச் சர்க்கரையைக் குறைக்கும் குடற்சாற்றுப் பகுதிக்கு 1932 இல் இன்கிரெட்டின் என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் சிகாகோவில் ஆண்ட்ரூ ஐவி குழுவினர் நாய்களில் செய்த சோதனைகளில் அந்த விளைவு தென்படவில்லை. இன்கிரெட்டின் இருப்பது ஐயத்துக்குரியது என்று 1940 இல் அவர்கள் முடிவு கூறினர். ஐவி இத்துறையில் பெரும் மதிப்புப் பெற்றவர். பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனினை 1928 இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர். அவருடைய முடிவுக்குப் பின் இத்தேடல் பெரிதும் ஓய்ந்தது.

உண்மையில் குறை அளவிடும் முறையில் இருந்தது. குருதியில் உள்ள மிகச் சிறிய அளவு இன்சுலினை நேரடியாக அளக்க அன்று வழியில்லை. சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் கொண்டே எல்லாம் ஊகிக்கப்பட்டன. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் 1960 ஐ ஒட்டி உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறை இக்குறையைப் போக்கியது.

வாயும் சிரையும்

1964 இல் பிரித்தானிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தன. குளுக்கோஸைச் சிரையில் ஏற்றியபோது கிடைத்த இன்சுலினைவிட, வாய்வழியாகவோ குடலுக்குள்ளோ செலுத்தியபோது கிடைத்த இன்சுலின் அதிகமாக இருந்தது. குருதிச் சர்க்கரையோ சிரைவழியில்தான் கூடுதலாக ஏறியிருந்தது. ஆகவே இன்சுலினைத் தூண்டுவது குருதிச் சர்க்கரை மட்டுமன்று. குடலும் சேதி அனுப்புகிறது என்பது உறுதியானது. இவ்வேறுபாடு இன்கிரெட்டின் விளைவு எனப்படுகிறது. நலமான ஒருவர் உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இதனால் விளைவதாகக் கருதப்படுகிறது.

முதல் இன்கிரெட்டினான ஜிஐபியை கனடாவில் ஜான் பிரவுன் பிரித்தெடுத்தார். அது இன்சுலினைத் தூண்டுவது 1973 இல் மனிதரில் காட்டப்பட்டது. 1980களில் குளுக்ககானின் மரபணுவை ஆராய்ந்தபோது, அதற்குள் ஜிஎல்பி-1 என்ற மற்றொரு இயக்குநீரின் குறிப்பும் இருப்பது தெரியவந்தது. அதன் செயல்படும் வடிவத்தைக் கண்டறிந்ததில் பாஸ்டனில் ஸ்வெட்லானா மொய்சோவ், ஜோயல் ஹபெனர் ஆகியோருக்கும், கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹோல்ஸ்டுக்கும் முக்கியப் பங்குண்டு. மொய்சோவின் பங்களிப்பு நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. ஹபெனர், லோட்டே நுட்சன் ஆகியோருடன் அவருக்கும் 2024 இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

உணவுச்சத்துகளின் பங்கு

குடற்சுவரில் பரவியுள்ள சிறப்புச் செல்கள் உணவின் தன்மையை உணர்கின்றன. ஜிஐபியைச் சுரக்கும் செல்கள் சிறுகுடலின் மேற்பகுதியிலும், ஜிஎல்பி-1 ஐச் சுரப்பவை பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ளன. குளுக்கோஸ் சோடியத்துடன் சேர்ந்து செல்லுக்குள் நுழையும்போதே சுரப்பைத் தூண்டிவிடுகிறது. கொழுப்பு, கொழுப்பு அமிலங்களாகச் சிதைந்த பின்னரே உணரப்படுகிறது. புரதம் அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் செயல்படுகிறது. நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் ஜிஎல்பி-1 செல்களைத் தூண்ட வல்லவை.

பசியோடு உள்ள தொடர்பும் படிப்படியாகவே வெளிப்பட்டது. கொழுப்பும் புரதமும் தூண்டும் கோலிசிஸ்டோகைனின் எலிகளின் உணவளவைக் குறைப்பது 1973 இல் காட்டப்பட்டது. ஜிஎல்பி-1 எலிகளின் மூளையில் செயல்பட்டு உணவைக் குறைப்பது 1996 இலும், மனிதரில் நிறைவுணர்வைக் கூட்டுவது 1998 இலும் வெளியாயின. 1999 இல் சப்பானிய அறிஞர்கள் இரைப்பையில் கண்டறிந்த கிரெலின் இதற்கு மாறானது. அது பசியைத் தூண்டுவது, உண்டபின் குறைவது.

மருந்தும் உணவும்

இரண்டாம் வகை நீரிழிவில் இன்கிரெட்டின் விளைவு குன்றியிருப்பதை ஜெர்மனியில் மைக்கேல் நவுக் குழுவினர் 1986 இல் காட்டினர். ஜிஎல்பி-1 ஐச் சிரையில் செலுத்தினால் அந்நோயாளிகளின் சர்க்கரை இயல்பு நிலைக்கு வருவதும் பின்னர் தெரிந்தது. ஆனால் டிபிபி-4 என்ற நொதி அதை ஓரிரு நிமிடங்களில் சிதைத்துவிடும். ஹீலா என்னும் அமெரிக்கப் பல்லியினத்தின் நஞ்சில் ஜான் எங் 1992 இல் கண்ட எக்செண்டின்-4 இந்நொதிக்கு எளிதில் சிதைவதில்லை. அதன் செயற்கை வடிவமான எக்செனடைடுக்கு 2005 இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பின்னர் லிராகுளுடைடும், வாரம் ஒருமுறை செலுத்தும் செமாகுளுடைடும் வந்தன.

மாவுப்பொருளுக்கு முன் புரதத்தையோ காய்கறியையோ உண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதைச் சிறு அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. இரைப்பை மெதுவாகக் காலியாவதும் ஜிஎல்பி-1 கூடுவதும் இதற்குக் காரணங்கள். எனினும் உணவு தூண்டும் இயக்குநீர் சில நிமிடங்களே நிலைக்கிறது. மருந்தோ அதே ஏற்பியை நாள்கணக்கில் இடைவிடாது தூண்டுகிறது. ஆகவே உணவு வரிசையை மாற்றுவது சிகிச்சைக்குத் துணையாகலாம், மருந்துக்கு ஈடாகாது. ஓர் உணவை அதன் கலோரிகளைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது, அது குடலில் எழுப்பும் சேதியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இந்த நூற்றாண்டுக்கால ஆய்வு உணர்த்துவது.