சொல்லை எங்கே பிரிப்பது? ஆங்கில அகராதியும் வரி முடிவின் இணைகோடும்

ஆங்கில அகராதிகளின் வரலாறு பெரும்பாலும் பொருள் விளக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1604இல் ராபர்ட் காட்ரி ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்குச் சுருக்கமாகப் பொருள் தந்தார். 1755இல் சாமுவேல் ஜான்சன் 42,000க்கும் மேற்பட்ட தலைச்சொற்களை இலக்கிய மேற்கோள்களோடு விளக்கினார். வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும் இடமோ அச்சுக்கோப்பவரின் கவலையாக ஒதுக்கப்பட்டுவிட்டது. அது சரியல்ல. பிரிக்கும் இடத்தையும் பொருளையும் தனித்தனியே ஆராய்ந்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் விளங்கும்.

1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட 42 வரி பைபிளிலேயே வரி முடிவில் சாய்ந்த இரட்டைக் கோடு உண்டு. அது லத்தீன் நூல். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் அடுத்த உயிரோடு சேரும் என்பது லத்தீன் மரபு. ஆங்கிலப் பள்ளி நூல்கள் இந்த விதியைத் தம் மொழிக்கும் பொருத்தியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1740இல் வெளிவந்து பல தலைமுறைகள் படித்த தாமஸ் டில்வொர்த்தின் பாடநூல் வழியில், பழக்கத்தைக் குறிக்கும் 'ஹாபிட்' என்ற சொல்லை முதல் உயிரை அடுத்தே பிரித்தார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு 'ஹே-பிட்' என்றுதான் வாயில் வரும்.

பள்ளி ஆசிரியராக இருந்த நோவா வெப்ஸ்டர் 1783இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல் இதை மாற்றியது. காதில் விழுகிறபடியே பிரிக்க வேண்டும் என்றார் அவர்: 'ஹாப்-இட்', 'க்ளஸ்-டர்', 'பிஷ்-அப்'. 1828இல் 70,000 சொற்களோடு அமெரிக்க அகராதியைத் தந்தவரும் இவர்தான். என் கணிப்பில், பிற்காலப் பிரிப்பு முறையை அந்த அகராதியைவிட இந்தச் சிறு பாடநூலே ஆழமாகப் பாதித்தது.

பிரிட்டிஷ் அச்சகங்கள் நெடுங்காலம் சொல்லின் வேரையே பார்த்தன. வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் சொல்லை 'பயோ-கிராஃபி' என்று பிரித்தால், வாழ்வு, எழுத்து என்னும் இரு கிரேக்கக் கூறுகளும் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கர் ஒலியைப் பார்த்து 'பயாக்-ரஃபி' என்று பிரிப்பார்கள். பிரிட்டிஷ் முறையில் இணைகோடே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது. படிப்பவரின் நாக்கோ ஒரு கணம் தடுமாறுகிறது.

இன்றைய மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகளும் வெப்ஸ்டரின் ஒலிவழிப் பிரிப்பு மரபில் வந்தவையே. அவற்றை அசை எல்லை என்று கொள்வது தவறு. ஓரெழுத்தைத் தனியே விடுவது அச்சு மரபில் இல்லாததால், சொல்லின் தொடக்கத்தில் வரும் ஓரெழுத்து அசைக்குப் பின் அங்கே புள்ளி இராது. வரியை எங்கே உடைக்கலாம் என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன.

1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் இந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். டொனால்டு கனூத்தின் 'டெக்' அச்சமைப்பு மென்பொருளுக்காக, ஓர் அகராதியிலிருந்து 4,447 எழுத்துத் தொடர்களை அவர் வடித்தெடுத்தார். இங்கே பிரிக்கலாம், இங்கே கூடாது என்று எண்களால் சொல்லும் அந்தத் தொடர்கள், அகராதி காட்டிய பிரிப்பிடங்களில் 89 விழுக்காட்டைக் கண்டுபிடித்தன. விதிவிலக்குப் பட்டியலில் சேர்ந்தவை 14 சொற்களே.

அந்தப் பட்டியலில் 'ப்ரெசன்ட்' இருக்கிறது. பரிசு என்ற பொருளில் அது ஓரிடத்தில் பிரியும். வழங்கு என்ற வினையானால் வேறோரிடத்தில் பிரியும். எழுத்துகள் ஒன்றே என்பதால், பொருள் அறியாத கணினி எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். 'டெக்' இன்றும் அவ்விரு சொற்களையும் தானாகப் பிரிப்பதில்லை.