தீவுகளினின்று மீளும் ஈயம்

மனிதர் பயன்படுத்தும் பொருள்களின் வரலாற்றை எழுதுவோர், ஒரு பொருள் எங்கே தோன்றியது, எவ்வாறு உலகெங்கும் பரவியது என்பவற்றை விரிவாகக் கூறுவர். பயன் தீர்ந்தபின் அது எங்கே சென்றது என்பதைப் பெரும்பாலும் கூறாது விடுவர். பரந்த நிலப்பரப்பில் வாழ்வோருக்கு அது சிறிய குறையாகத் தோன்றலாம். மாகடலின் நடுவே, கால்நடையாகச் சில நிமிடங்களிற் குறுக்கே கடந்துவிடக்கூடிய தீவுகளில் வாழ்வோருக்கோ, அதுவே முதற் கேள்வியாகும். மோட்டார் வண்டிகளில் உள்ள பற்றரியின் கதை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1859ஆம் ஆண்டிலே கஸ்தோன் பிளான்தே என்னும் பிரான்சிய அறிஞர், ஈயத்தகடுகள் இரண்டை ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டி, நீர் கலந்த கந்தகவமிலத்தில் அமிழ்த்தினார். அவற்றினூடாக மின்னைச் செலுத்திவைத்தால், வேண்டியபோது அம்மின்னைத் திரும்பப் பெறலாம் என்று கண்டார். அதற்கு முன்னிருந்த மின்கலங்கள் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்தவையே. மின்னூட்ட மின்னூட்ட மீண்டும் உயிர்பெறும் கலம் இதுவே முதலாவது. 1881இல் கமில் ஃபோர் என்பவர், ஈயச் சேர்வைகளைக் களியாகப் பூசிய தகடுகளைச் செய்து இக்கலத்தின் ஆற்றலைப் பெருக்கினார். பின்னர் 1912இல் அமெரிக்காவிலே கடிலாக் மோட்டார் வண்டிகளுக்கு மின்விசையால் இயந்திரத்தைத் தொடக்கும் கருவி பொருத்தப்பட்டது. அன்றுதொட்டு, மோட்டார் வண்டி சென்ற இடமெல்லாம் இவ்வீயப் பெட்டியும் உடன் சென்றது.

இப்பெட்டியின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது ஈயமே. ஈயம் ஏறக்குறைய 327 பாகை வெப்பத்தில் உருகுவது. எத்தனைமுறை உருக்கினாலும் தன் இயல்பை இழவாதது. பழைய பற்றரியின் ஈயத்தைக்கொண்டு புதிய பற்றரியைச் செய்யலாம். அதன் பயன் தீர்ந்தபின் மீண்டும் அவ்வாறே செய்யலாம். ஆதலால் உயிரற்ற பற்றரி குப்பை அன்று. விலை மதிப்புள்ள செல்வம். ஆயினும் அச்செல்வம் நஞ்சும் ஆகும். ஈயத்தில் இவ்வளவுவரை உட்கொள்ளின் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது சிறிது சிறிதாகக் குன்றச் செய்கின்றது.

செல்வமும் நஞ்சும் ஒன்றாயிருப்பதனால் விளைந்த பெருந்துயர் ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள செனகல் நாட்டிலே, தலைநகராகிய டக்காருக்கு அண்மையில், தியரோய் என்னும் கடலோர ஊர் உள்ளது. அங்கே ஏழைமக்கள் பழைய பற்றரிகளை உடைத்து ஈயத்தைப் பிரித்து விற்றுவந்தனர். உலகச் சந்தையிலே ஈயத்தின் விலை உயர்ந்தபோது, ஈயம் கலந்த மண்ணையும் அள்ளி வீடுகளுக்குக் கொண்டுசென்று சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையுள்ள குறுகிய காலத்தில் அவ்வூரிற் குழந்தைகள் 18 பேர் இறந்தனர். உடன்பிறந்தோர், தாய்மார் முதலியோரின் குருதியைச் சோதித்தபோது, அவர்களது உடலிலும் ஈயம் மிகுந்திருத்தல் தெரியவந்தது. வயிற்றுப்பாட்டின்பொருட்டுச் செய்த தொழில் பெற்ற பிள்ளைகளையே பலிகொண்டது. பற்றரியைத் திரட்டுவது மட்டும் போதாது. அது போய்ச் சேருமிடம் தகுந்த உருக்காலையாக இருத்தல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

அத்தகைய உருக்காலை எதுவும் இல்லாத நாடு கிரிபாஸ். பசிபிக் மாகடலின் நடுவே 33 தீவுகள் சேர்ந்தது அந்நாடு. அதன் நிலப்பரப்பு முழுவதும் ஏறக்குறைய 800 சதுர கிலோமீற்றர். அந்நிலம் சிதறிக்கிடக்கும் கடற்பரப்போ 35 இலட்சம் சதுர கிலோமீற்றர். வெளியிலிருந்து வந்த பொருள் திரும்பிச் செல்லாமை அந்நாட்டிற்குப் பழகிய துன்பமே. 1943 நவம்பரில் தராவாத் தீவின் பெசியோ என்னுமிடத்தில் அமெரிக்கரும் யப்பானியரும் கடும்போர் புரிந்தனர். போர் சில நாள்களில் முடிந்தது. பீரங்கிகளோ கடற்கரையிலேயே துருவேறிக் கிடந்தன. மறுபுறத்தில், 1900ஆம் ஆண்டு முதல் பனாபாத் தீவின் பொசுபேற்று மண்ணை அகழ்ந்து கப்பல்கள் ஏற்றிச் சென்றன. 1979இல் அம்மண் தீர்ந்தது. அதே ஆண்டு யூலையில் நாடு விடுதலை பெற்றது. அதன்பின் அரிசியும் எரிநெய்யும் வண்டிகளும் நிறைந்து வந்த கப்பல்கள், கொப்பறாவும் மீனும் நீங்கலாக, ஏற்றிச் செல்வதற்குப் பொருளின்றித் திரும்பலாயின.

விடுதலைக்குப் பின்னர்ப் பற்றரிகள் இரு வழிகளாற் பெருகின. ஒன்று மோட்டார் வண்டி. மற்றொன்று ஞாயிற்றின் ஒளி. மின்கம்பி எட்டாத வெளித்தீவுகளுக்கு ஒளியூட்டும் நோக்குடன் 1984இல் கிரிபாஸ் சூரியசக்திக் கம்பனி நிறுவப்பட்டது. பகலிற் பெற்ற மின்னை இரவுக்குச் சேமித்துவைக்க வீடுதோறும் பற்றரி வேண்டியதாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் வாழ்ந்த மக்களுக்கு இது பெரும் பேறு. ஆனால் விளக்கு ஒளிரும் ஆண்டுகளை எண்ணியோர் பற்றரி ஓயும் ஆண்டையும் எண்ணவேண்டியவராயினர். சில ஆண்டுகளில் ஒவ்வொரு பற்றரியும் ஓய்ந்துபோகும். அப்போது அது தென்னையடியிலோ, வீட்டின் பின்புறத்திலோ, நீரேரியின் கரையிலோ கிடக்கும்.

பவளத்தீவுகளில் ஆறுகள் இல்லை. மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அப்படையைத் தொட்டுத் தோண்டிய கிணறே குடிநீர் தருவது. நிலத்தில் ஊற்றிய அமிலமும் அதிற் கரைந்த ஈயமும் அந்நீரை அடைவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மேலும், பசிபிக் தீவுகள் சிலவற்றிலே, பழைய பற்றரியை உடைத்து அடுப்பில் ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கும் வழக்கமும் இருந்தது. சூக் தீவுகளில் நிகழ்ந்த ஆய்வு, குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறுதற்கு அவ்வழக்கத்தைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது.

ஆகவே பற்றரி தீவைவிட்டு வெளியேறுதல் வேண்டும். ஆனால் வெளியேறும் வழி எளிதன்று. 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்த பாசல் உடன்படிக்கையின்படி, பழைய ஈயப்பற்றரி தீங்கு விளைக்கும் கழிவாகும். அதனை ஏற்றுமதி செய்யும் நாடு, பெறும் நாட்டினதும் இடைவழியில் உள்ள நாடுகளினதும் எழுத்துமூலமான இசைவை முன்கூட்டியே பெறவேண்டும். செல்வ நாடுகள் தம் நஞ்சை ஏழை நாடுகளிற் கொட்டுவதைத் தடுப்பதற்கு இயற்றப்பட்ட நல்விதி இது. 1995இல் பப்புவா நியூகினியின் வைகானியில் எழுதப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த மற்றோர் உடன்படிக்கை, பசிபிக் தீவுகளுக்குள் அத்தகைய கழிவு வருவதைத் தடுத்தது. தீவுகளிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் நியூசீலந்துக்கும் செல்வதற்கு ஒழுங்கான வழியையும் வைத்தது. ஆயினும் எழுத்தர் சிலரே உள்ள சிறிய அரசுக்கு, ஒவ்வோர் அனுப்புகைக்கும் பல நாடுகளின் இசைவைத் திரட்டுதல் பெருஞ்சுமையே. காவலுக்கெனச் செய்த கதவு வெளியே போவோரையும் தடுத்துநின்றது.

இத்தடைகளுக்கிடையே கிரிபாஸ் அரசு 2004இல் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டினுள் வரும் குளிர்பானக் கலங்களுக்கும் பற்றரிகளுக்கும் இறக்குமதியின்போதே வைப்புப்பணம் பெறப்படும். கலம் ஒன்றுக்கு 5 சதம். பற்றரி ஒன்றுக்கு 5 அவுஸ்திரேலிய டொலர். பழையதைக் கொண்டுவந்து ஒப்படைப்போருக்கு அந்நிதியிலிருந்து பணம் வழங்கப்படும். “கயோக்கி மாங்கே” என்பது இத்திட்டத்தின் பெயர். குப்பையைத் திருப்பிக் கொடு என்பது அதன் பொருள். தண்டனை கூறி அச்சுறுத்தாமல், எறிந்தவனுக்கு நட்டமும் எடுத்தவனுக்கு ஊதியமும் ஆகுமாறு செய்ததே இச்சட்டத்தின் நுட்பம். சிறுவரும் கலங்களைப் பொறுக்கிவந்து சில்லறை பெறலாம்.

சேர்த்த பற்றரியை அனுப்புதலிலும் முறை உண்டு. அமிலத்தை வெளியே ஊற்றிவிட்டு அனுப்பலாகாது. ஊற்றிய இடம் கெடும். வெடிப்புள்ளவற்றை அமிலம் ஊடுருவாத கலத்துள் தனியே இடவேண்டும். ஏனையவற்றை நிமிர்த்தி வரிசையாக மரத்தட்டில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு தடித்த அட்டை விரித்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பொறி எழாவண்ணம் மூடி, பட்டியால் இறுகக் கட்டவேண்டும். அலையில் ஆடும் கப்பலில் ஒரு கட்டு அவிழ்ந்தாலும் மாலுமிகளுக்கு இடர் உண்டாகும். கப்பற் கம்பனிகள் இச்சரக்கை ஏற்கத் தயங்குவதற்கும் அதுவே காரணம்.

இனிக் கப்பற்கூலி. வெறுமையாகத் திரும்பும் கப்பல் என்று முன்னே கூறப்பட்டதன் பயன் இங்கேதான் விளங்கும். வட அமெரிக்காவின் அலாஸ்காவில், சாலை எட்டாத ஆற்றோரச் சிற்றூர்களுக்குக் கோடைகாலத்தில் எரிநெய்யும் உணவும் கொண்டுசெல்லும் தட்டைப்படகுகள், திரும்பும்போது பழைய பற்றரிகளை ஏற்றிவருவதுண்டு. பனி உறையுமுன் படகு திரும்பிவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்கவேண்டும். பசிபிக்கிலும் இக்கருத்தே வழிகாட்டியது. 2018இல் பசிபிக் வட்டாரச் சுற்றாடல் நிறுவனமும் சைனா நவிகேசன் என்னும் கப்பற் கம்பனியும் மொஆனா தாக்கா என்ற உடன்பாட்டைச் செய்துகொண்டன. விற்றுவரும் பணம் கூலிக்குப் போதாத கழிவுகளை, தீவுகளிலிருந்து திரும்பும் வெற்றுக் கொள்கலங்களிற் கூலியின்றி ஏற்றிச் செல்வதே அவ்வுடன்பாடு. எப்படியும் போகவேண்டிய வெற்றுப் பெட்டிக்குள் இடம் கொடுத்தலாற் கம்பனிக்கு ஏற்படும் செலவு சிறிது. தீவுக்கு விளையும் நன்மை பெரிது.

இவற்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. தலைநகரத் துறைமுகத்தில் வைப்புப்பணம் காத்திருப்பினும், வெளித்தீவில் ஓய்ந்த பற்றரி அங்கே வந்துசேரச் சிறுகப்பல் வேண்டும். அது வரும்வரை பற்றரியை மழைபடாமற் காத்துவைக்கும் பொறுப்பு அத்தீவு மக்களுடையது. ஒளி தரும் ஒவ்வொரு புதிய திட்டமும், பற்றரி மீளும் செலவைத் தொடக்கத்திலேயே தன் கணக்கிற் சேர்த்துக்கொண்டாலன்றி, அப்பொறுப்பு வளர்ந்துகொண்டே போகும்.

கடலாற் சூழப்பட்ட நாட்டில் வாழும் நேயர்களுக்கு இக்கதை அயலார் கதையாகத் தோன்றாது. ஓய்ந்த பற்றரியை உடைப்பவன் கையில் அதனை விற்பதா, முறையாகச் சேர்ப்பவரிடம் ஒப்படைப்பதா என்பதை ஒவ்வொரு வீடும் தீர்மானிக்கின்றது. இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு சில ரூபா. தியரோயின் தாய்மார் கொடுத்த விலையை எந்த நாணயத்தாலும் அளக்க முடியாது.