புதுச்சொல் தேடிய காலம்

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கத்தை முறைப்படி செய்த முன்னோடிகளில் தலையாயவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவரான இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மாணவர்களைப் பயிற்றுவித்தார். தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விட, கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே 1864இல் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார்.

அன்று முதல் சொல் தேடுவது வகுப்பறையின் அன்றாட வேலையாயிற்று. எலும்புக்கும் ஈரலுக்கும் தமிழில் பெயர் உண்டு. சோதனைக்கூடத்தில் பிரித்தெடுத்த வாயுக்களுக்கு ஏது? கிறீன் தமக்கென ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. அவருடைய நூல்களின் பெயர்களே இதற்குச் சாட்சி. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பவற்றில் வடமொழி கைகொடுத்தது. 1875இல் வந்த நூலுக்கோ ‘கெமிஸ்தம்’ என்று பெயர்: ஆங்கிலச் சொல்லை எடுத்து, ‘அம்’ என்று முடித்துத் தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்தார். 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகும், 1884இல் இறக்கும்வரை, தமிழ் மருத்துவ நூல்களை அவர் கைவிடவில்லை. பாடம் நடத்தியாக வேண்டிய கட்டாயத்திலிருந்து பிறந்தவை என்பதே இச்சொற்களின் சிறப்பு.

தமிழகத்தில் இப்பணி 1916இல் சேலத்தில் சூடுபிடித்தது. இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டு, இதழும் நடத்தினர். புதுச்சேரியில் இருந்த பாரதி அம்முயற்சியை வரவேற்று எழுதினார். சொல் கிடைக்காத அவதி பாரதிக்குப் புதிதல்ல. ஒரு கட்டுரையில் ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடியிருக்கிறார். அவயவி, உறுப்பாளி, அங்கத்தான், சபிகன் என ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் மனதுக்கு ஒப்பவில்லை. கடைசியில் ‘மெம்பர்’ என்றே எழுதி, பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிடிக்காத சொல்லைத் தமிழ் என்பதற்காகவே திணிக்காத அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

அடுத்த இருபதாண்டுகளில் வழக்கு வடமொழிக்கும் தனித்தமிழுக்கும் இடையே போயிற்று. பாரதியே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான வடமொழிச் சொற்களை விரும்பியவர். தமிழ் வேர்களிலிருந்தே ஆக்கலாம் என்ற தரப்பு பின்னர் வலுத்தது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியதும் கோப்பு எழுதும் குமாஸ்தாவுக்கும் சொல் தேவைப்பட்டது. ஆட்சித் தமிழுக்குச் சொல் தேடிய கீ. இராமலிங்கனார் போன்றோரின் உழைப்பு இங்கேதான் பயன்பட்டது. 1957இல் ஆட்சிச்சொல் அகராதி வெளியாயிற்று.

அகராதியில் ஏறிய சொல்லெல்லாம் நாவில் ஏறிவிடவில்லை. ‘கெமிஸ்தம்’ வழக்கொழிந்து, ‘வேதியியல்’ பாடநூலில் நிலைத்துவிட்டது. பாரதியைத் திணறடித்த ‘மெம்பர்’ இருந்த இடத்தில், சட்டமன்றம் முதல் ஊராட்சி வரை ‘உறுப்பினர்’ அமர்ந்துவிட்டது. அலுவலகப் பலகையில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதியிருந்தாலும், மனு கொடுக்கப் போகிறவர் இன்றும் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போகிறார்.